பதினேழாவது மேசை

முதல் வாரம் எலும்புகள்.
இருநூற்று ஆறு என்று போர்டில் எழுதிவிட்டு
விரிவுரையாளர் தண்ணீர் குடித்தார்.
அவர் தொண்டையில் எதுவோ ஏறி இறங்குவதைப் பார்த்து
நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அதுவரை எனக்கு
விழுங்குவது என்பது சும்மா விழுங்குவதுதான்.

மறுநாள் காலை ஃபெரியில்
பட்டவொர்த்திலிருந்து பினாங்குக்கு
ஒரு கப்பல் நிறைய எலும்புக்கூடுகள் வந்தன,
ஹெல்மெட் கழற்றாமல்,
நாசி லெமாக் பொட்டலத்தோடு,
போனைப் பார்த்துக் கழுத்தெலும்பு ஏழும் வளைய.

மணிக்கட்டுக்குள் எட்டு எலும்பு.
படகு, பிறை, பட்டாணி, கொக்கி என்று
ஹுய் ஷான் அர்த்தம் சொன்னாள்,
மளிகைக்கடைச் சீட்டை வாசிப்பதுபோல.
மலாயில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி
லத்தீனில் தடுக்கி விழும் எனக்குப்
பயம் மட்டும் தமிழில் வரும்.
ஈரக்குலை நடுங்கியது என்போமே,
புத்தகத்தில் தேடினேன்.
ஈரல் நடுங்குவதில்லை.
வலப்பக்கம், விலாவுக்கடியில்,
ஒன்றரைக் கிலோ கனத்தில்
அது பாட்டுக்கு வேலை பார்க்கிறது.

வீட்டில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு வாங்க வழியில்லை.
அண்ணன் இருந்தான்.
புவனேந்திரன், இருபத்தாறு வயது,
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட்,
உருப்பெருக்கியின்மேல் பன்னிரண்டு மணி நேரம் குனிந்த கழுத்து.
பகலில் குப்புறத் தூங்குபவன் முதுகில்
நீல மார்க்கரால் ஓரம் வரைவேன்,
சிவப்பால் பெயர் எழுதுவேன்.
"கூசுது, போடி."
"அசையாதே, லட்டிஸிமஸ் கோணுது."
ஒருநாள் கழுவ மறந்து வேலைக்குப் போய்விட்டான்.
உடை மாற்றும் அறையில் யாரோ கேட்டானாம்:
புது டாட்டூவா, எந்த ஊர் மேப்?
தங்கச்சி பரீட்சை என்றானாம்.

அப்புறம் ஒரு ஞாயிறு
அவனாகவே கையைப் பின்னால் வளைத்து ஓர் இடம் காட்டினான்.
இங்க. இந்த இடத்துக்கு என்ன பேரு?
கழுத்து தோளாக மாறும் மூலை.
அழுத்தினேன்.
உள்ளே புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு.
ரெண்டு வருஷமா இருக்கு என்றான்,
வாடகை தராத ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.
கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினேன்.
கண்ணாடியில் இடவலம் மாறிக் கிடந்ததை
எழுத்துக்கூட்டி வாசித்து
"இதுக்குக்கூட பேரு வச்சிருக்காங்களா" என்றான்.
வலி குறையவில்லை.

பரீட்சை.
முப்பது மேசை, மேசைக்கு ஒரு நிமிடம்,
மணி அடித்தால் நகர வேண்டும்.
பதினேழாவதில்
யாரோ எழுதிக்கொடுத்துவிட்டுப் போன ஒரு தோள்.
அதே மூலையில் சிவப்புக் குண்டூசி.
பெயர் என்ன? வேலை என்ன?

எனக்குத் தெரியும்.
புளியங்கொட்டை தெரியும்.
விடிகாலையில் உரித்துப்போட்ட கோயோக் பிளாஸ்டரின் வாடை தெரியும்.
எந்தப் பக்கம் சாய்ந்து சோறு தின்பான் என்று தெரியும்.
பெயர் மட்டும் வரவில்லை.

கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார்.
நான் தோளைக் குலுக்கினேன்.

குலுக்கியதே அதுதான்.
தெரியாது என்பதை எனக்காகச் சொல்ல
தோள்பட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு
என் தோலுக்கடியில் மறுபடி படுத்துக்கொண்டது.
இரண்டாவது கேள்விக்கு மட்டும் எழுதினேன்:
தூக்கும்.
மணி அடித்தது.

திரும்பும் ஃபெரியில், நடுக்கடலில்,
லெவேட்டர் ஸ்கேப்புலே
வந்து நின்றது, சாவகாசமாக.

அரை மார்க்தான் என்றேன் வீட்டில்.
அந்த அரை என்னோடது என்று சொல்லிவிட்டு
அண்ணன் குப்புறப் படுத்தான், மார்க்கருக்குத் தயாராக.
நான் மூடியைத் திறக்கவில்லை.
கட்டைவிரலை அந்த மூலையில் வைத்தேன்.
"மெதுவா" என்றான்.